புல்லே நஞ்சாகும் செம்மறிகள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டம். அதன் வடகோடியில் இருக்கிறது நார்த் ரொனால்ட்சே. நீளம் சுமார் 5 கிலோமீட்டர். குடியிருப்பவர்கள் ஏறத்தாழ 60 பேர். தீவைச் சுற்றிக் கரையோரமாக ஆளுயரக் கல்சுவர் ஓடுகிறது. ஆடு வெளியே போய்விடக் கூடாது என்றுதான் எங்கேயும் வேலி போடுவார்கள். இங்கே ஆடு உள்ளே வந்துவிடக் கூடாது என்று கட்டியிருக்கிறார்கள். சுவருக்கு உள்ளே பச்சைப் புல்வெளி, வெளியே பாறையும் கடலும். செம்மறிகள் இருப்பது வெளியே.

அவை தின்பது கடற்பாசி.

பதினெட்டாம் நூற்றாண்டில் தீவு மக்கள் கரையில் பாசியை உலர்த்தி எரித்தார்கள். அந்தச் சாம்பல் கண்ணாடிக்கும் சோப்புக்கும் தேவைப்பட்டது. மலிவான மாற்றுகள் வந்ததும் 1830 வாக்கில் தொழில் படுத்துவிட்டது. இனி நிலத்தை நம்பித்தான் பிழைப்பு என்ற நிலையில், பயிரையும் மாட்டு மேய்ச்சலையும் காக்க 1832இல் சுவர் எழுந்தது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர், சாந்து வைக்காமல் கல்மேல் கல்லாக அடுக்கியது. செம்மறிகள் கரைக்கு ஒதுக்கப்பட்டன.

அன்றிலிருந்து அவற்றின் நாளை நிர்ணயிப்பது சூரியன் அல்ல, ஓதம். கடல் வற்றும்போது பாறைகளில் இறங்கி, வழவழப்பான பழுப்புப் பாசியை இழுத்துக் கடிக்கும், நள்ளிரவானாலும் சரி. கடல் ஏறும்போது மேட்டில் படுத்து அசைபோடும். குளிர்காலம் மற்ற ஆடுகளுக்குப் பஞ்சகாலம். இவற்றுக்கு அதுதான் விருந்து, புயல் பாசியைப் பிடுங்கிக் குவியல் குவியலாகக் கரையில் போடும் அல்லவா!

இதில் என்னை மிகவும் கவர்வது செம்பின் கதை. செம்மறிக்குச் செம்பு கொஞ்சமாவது வேண்டும். சினையாட்டுக்கு அது போதாவிட்டால் பிறக்கும் குட்டியின் நரம்புகள் சரியாக வளராமல் பின்னங்கால்கள் தள்ளாடும். பாசியிலோ செம்பு மிகக் குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் பொருட்களும் அதனுடனேயே சேர்ந்து வருகின்றன. எனவே, வந்த துளிச் செம்பையும் நழுவவிடாமல் பிடிக்கத் தெரிந்த ஆடுகளே நிலைத்தன. தலைமுறை தலைமுறையாக அந்தப் பிடி இறுகியது.

இப்போது அதே ஆட்டைப் புல்வெளியில் விட்டால் என்ன ஆகும்? அளவுக்கு மிஞ்சினால்தான் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இந்த ஆட்டுக்கு அளவான புல்லே நஞ்சாகிவிடலாம். மற்ற செம்மறிகளுக்கு ஒத்துப்போகும் செம்பை இதன் குடல் மிச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளும். செம்மறி இனத்துக்கே உபரிச் செம்பைப் பித்தநீர் வழியாக வெளியேற்றும் திறன் குறைவு. அதனால் அது ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள், அலைச்சலோ பயமோ தூண்டிவிட, ஈரல் செம்பை இரத்தத்தில் கொட்டும். சிவப்பணுக்கள் உடையும், கண்ணின் வெண்மை மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துப்போகும். ஓரிரு நாளில் ஆடு விழுந்துவிடும்.

வயிற்றிலும் மாற்றம் உண்டு. புல்லின் நார்ச்சத்து பாசியில் குறைவு. அல்ஜினேட், லாமினரின் போன்ற வேறு மாவுப்பொருட்கள் நிறைய. அவற்றைச் சிதைக்கத் தக்க நுண்ணுயிர்க் கூட்டம் முதல் இரைப்பையில் குடியிருக்கிறது. ஆர்க்னியில் ஆடு பாசி தின்பது சுவரோடு தொடங்கிய பழக்கமும் அல்ல. பக்கத்துத் தீவுப் பகுதியான பாப்பா வெஸ்ட்ரேயில் கிடைத்த புதிய கற்கால ஆட்டுப் பற்களிலேயே அதன் வேதித் தடயம் இருக்கிறது. முழு வாழ்க்கையையும் கரையோடு கட்டிப்போட்டதுதான் சுவர் செய்த வேலை.

குட்டி போடும் பருவத்தில் மட்டும் தாயாடுகளைச் சில மாதம் உள்ளே புல்லில் விடுகிறார்கள், குட்டிக்குப் பால் வேண்டுமே. மயிர் கத்தரிக்கவும் தலை எண்ணவும் ஊரே கூடி ஆடுகளைக் கரையோரமாகவே ஓட்டிக் கற்பட்டிகளில் அடைக்கிறது. ஒரு வீட்டால் ஆகிற வேலை இல்லை அது.

சுவருக்கும் அப்படித்தான். 2012 டிசம்பர் புயலில் பல இடங்களில் சரிந்துபோனது. திறப்பு விழுந்தால் ஆடு உள்ளே புகுந்து புல்லைத் தின்னும், வேறு இன ஆட்டோடும் கலக்கும். ஊரில் கை குறைவு. அதனால் 2016இல் ஆட்டுத் திருவிழா ஒன்றைத் தொடங்கி வெளியூர்த் தொண்டர்களை அழைத்தார்கள். வந்தவர்கள் அலை உருட்டிவிட்ட கல்லை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்துகிற இடத்தில் வைத்தார்கள்.