‘வயசாகிவிட்டது’ என்று தள்ளிவிடும் காலம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆடி மாத மாரியம்மன் பூசைக்குக் கூழ் காய்ச்ச வேண்டுமானால், முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். பல ஆண்டுகளாக அந்த வேலையை முன்நின்று நடத்திய ஒரு பாட்டி, இந்த ஆண்டு மாவைக் கரைக்காமலே அடுப்பை மூட்டிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் “வயசாகிவிட்டது” என்று சொல்லிக் கரண்டியை வாங்கிக்கொள்வார்கள். அந்த அன்பிலேயே நினைவை மெல்ல மெல்ல அழிக்கும் மூளை நோயான ஆல்சைமரின் தொடக்கம் மறைந்துபோகக்கூடும். ஒரு பெயர் நாவில் வராமல் சற்றுப் பொறுத்து நினைவுக்கு வருவது முதுமையில் இயல்பு. கைபழகிய வேலையின் வரிசை குலைவதும், காலையில் பேசியதை அறவே அறியாமல் மாலையில் மீண்டும் கேட்பதும் இயல்பல்ல.

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் 1906இல் விவரித்த இரண்டு மாற்றங்களே இன்றும் இந்நோயின் அடையாளங்கள். அமிலாய்டு என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிகிறது. டௌ என்னும் புரதம் அணுக்களுக்குள் முறுக்கிக்கொள்கிறது. அமிலாய்டு படியத் தொடங்கி 15 முதல் 20 ஆண்டுகள் வரை வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியையும் அதை ஒட்டிய பகுதியையும் டௌ முதலில் தாக்குவதால்தான், தம் கல்யாண நாளை விரிவாகச் சொல்லும் பாட்டிக்கு நேற்று வந்த விருந்தாளி நினைவில் இருப்பதில்லை. சேதம் பரவப்பரவ, பணக்கணக்கு தவறும் லேசான கட்டம், உடுத்தவும் வழி அறியவும் துணை வேண்டிய நடுக்கட்டம், பேச்சும் விழுங்குதலும் தளரும் கடுங்கட்டம் என்று நோய் முற்றுகிறது.

வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் இதே போன்ற மறதியைத் தரும். இவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதே விரைந்து மருத்துவரிடம் செல்வதற்கு முதல் காரணம். ஆல்சைமர்தான் என்று உறுதியானால், டோனெபெசில் மாத்திரை நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் மூளையில் குறையாமல் காத்து, சிலருக்குச் சிறிது காலம் தெளிவைத் தருகிறது. அது நோயை நிறுத்துவதில்லை. அமெரிக்கா 2023இல் முழு ஒப்புதல் தந்த லெகானெமாப் என்னும் மருந்து, அமிலாய்டையே அகற்றுகிறது. 18 மாத ஆய்வில் அது சரிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. இது சிறிய பலன்தான். மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் நேரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ என்னும் மூளைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். லேசான கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு இம்மருந்து தரப்படுவதில்லை.

மருத்துவர் செய்யும் நினைவுச் சோதனையின் மதிப்பெண் பள்ளிப் படிப்பையும் மொழியையும் பொறுத்து மாறும். முதியவர் தமிழில்தான் சரளமாகப் பேசுவார் என்றால் கேள்விகளைத் தமிழில் கேட்கக்கூடிய ஒருவரும், அந்த முதியவருடன் ஒரே வீட்டில் வாழ்பவரும் உடன் செல்ல வேண்டும். எந்தத் தடுமாற்றம் எந்த மாதத்தில் தொடங்கியது என்று எழுதிய தாளும், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் கையில் இருக்கட்டும்.