பொடித் துகள் என்றால் நொறுங்கிய பாறை என்று முடிவு கட்டாதீர்கள்

ஆய்வுக்கு வரும் கல் மாதிரிகளோடு ஒரு சீட்டும் வரும். "துகள்கள் மிகப் பொடி. நொறுங்கிய பிளவுப் பாறை" என்று அதில் எழுதியிருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பிளவு என்றால் பூமிக்குள் பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த இடம். அதே கல்லை 0.03 மி.மீ. தடிமனுள்ள சீவலாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், பல நேரம் கதையே வேறு. அந்தப் பாறை நொறுங்கவே இல்லை. பூமிக்கடியில் சூட்டில், திட நிலையிலேயே, மெல்ல இழுபட்டு ஓடியிருக்கிறது.

இந்தக் குழப்பம் பழையது. 1885இல் நிலவியலாளர் சார்லஸ் லாப்வொர்த், ஸ்காட்லாந்தின் மொயின் உந்துப் பிளவில் (ஒரு பாறைத்திரள் இன்னொன்றின் மேல் தள்ளப்பட்ட பிளவு) கிடைத்த பொடித்துகள் பாறைக்கு மைலோனைட் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'மைலோன்' என்றால் மாவு ஆலை. பாறை மாவாக அரைபட்டது என்பதே அவர் கருத்து. பெயர் நிலைத்துவிட்டது, விளக்கம்தான் மாறிவிட்டது. துகள்கள் அரைபட்டுச் சிறுத்தவை அல்ல. பழைய படிகங்கள் உள்ளுக்குள் வளைந்து நெளிந்து, அவற்றின் இடத்தில் புதிதாகப் பிறந்த சிறு படிகங்கள். இதை மறுபடிகமாதல் என்கிறோம்.

வித்தியாசத்தை எப்படிப் பிடிப்பது? முதலில் விளிம்பைப் பாருங்கள். நொறுங்கிய பாறையில் துண்டுகள் கோணல்மாணலாக, கூர்முனையோடு, பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும். மைலோனைட்டில் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில், ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் பொருந்தியிருக்கும். சுரங்கப்பாதை வெட்டுகிறவருக்கு இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. நொறுங்கிய பாறை உதிரும், தண்ணீரைக் கசியவிடும். மைலோனைட் இறுகியிருக்கும், ஆனால் அதன் மென்படலங்கள் (இழுபட்டதில் கனிமங்கள் வரிசையாகப் படிந்த தளங்கள்) வழியே பிளக்கக்கூடும்.

அப்புறம், அளவு. மறுபடிகமான குவார்ட்ஸின் துகள் அளவு சொல்வது தகைவை, அதாவது பாறை எவ்வளவு அழுத்தி இழுக்கப்பட்டது என்பதை. எவ்வளவு தூரம் நீண்டது என்பதை அது சொல்லாது. தகைவு கூடினால் துகள் சிறுக்கும். 2003இல் ஸ்டிப், டல்லிஸ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை அளவீட்டின்படி 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளுக்குச் சுமார் 100 மெகாபாஸ்கல் தகைவு, 100 மைக்ரானுக்கு 20க்கும் கீழே. கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் குவார்ட்ஸுக்கு நடுவே மைக்கா என்ற தகட்டுக் கனிமத்தின் இழைகள் இருந்தால் அவை துகளை வளரவிடாமல் தடுத்துவிடும். அங்கே அளந்தால் இல்லாத தகைவைக் கணக்கில் காட்டுவோம். சுத்தமான குவார்ட்ஸ் பட்டைகளில் மட்டும் அளவெடுங்கள்.

வடிவம் இன்னும் ஏமாற்றும். புதிதாகப் பிறந்த துகள்கள் உருண்டையாகவே இருக்கலாம்; பாறையோ பல மடங்கு நீண்டிருக்கும். "துகள் உருண்டை, ஆகவே உருத்திரிபு இல்லை" என்று எழுதும் முன் மைக்ரோஸ்கோப்பில் ஜிப்சம் பிளேட்டை (படிகத்தின் திசையை நிறமாகக் காட்டும் தகடு) செருகி மேடையைச் சுழற்றிப் பாருங்கள். திசையின்றிக் கிடக்கும் குவார்ட்ஸில் நிறங்கள் கலந்தே தெரியும். ஓடிய பாறையில் பார்வைப் பரப்பின் பெரும்பகுதி ஒருசேர நீலமாகும். 90 பாகை திருப்பினால் மஞ்சளாகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி இது. உருண்டையாக நிற்கும் அத்தனை துகளும் உள்ளே ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன.

பெரிய துகளையும் நம்பிவிட முடியாது. இயக்கம் நின்ற பிறகும் சூடு நீடித்தால் துகள்கள் வளர்ந்து, எல்லைகள் நேராகி, மூன்று துகள்கள் கூடும் இடத்தில் 120 பாகைக் கோணம் வந்துவிடும், சோப்பு நுரை போல. பழைய தகைவின் தடயம் அங்கே அழிந்திருக்கும்.

வெப்பநிலைக்கு இரண்டு கனிமங்களைச் சேர்த்துப் பாருங்கள். குவார்ட்ஸ் சுமார் 300 டிகிரி செல்சியஸில் ஓடத் தொடங்கும்; ஃபெல்ட்ஸ்பார் 450, 500 டிகிரி வரை உடைந்துகொண்டுதான் இருக்கும். குவார்ட்ஸ் பட்டையாக நீண்டு, பக்கத்திலேயே ஃபெல்ட்ஸ்பார் விரிசல் விட்டிருந்தால் விடை அந்த இடைவெளியில் இருக்கிறது. நீரும் இழுபடும் வேகமும் இந்த எண்களை மேலே கீழே நகர்த்தும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். கண் போன்ற வடிவில் அருமையான ஃபெல்ட்ஸ்பார் படிகம் ஒன்று, இருபுறமும் வால் இழுத்தபடி சீவலில் கிடைத்தது. எந்தப் பக்கம் நகர்வு என்று அந்த வால்களே காட்டும். ஆனால் கல்லை உடைக்கும் முன் நான் அதில் திசைக்குறி போடவில்லை. வால் வடக்கே நீண்டதா தெற்கேயா என்று சொல்ல வழியே இல்லை. திரும்பப் போனால் அந்தப் பாறைமுகம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

அதனால் சுத்தியலுக்கு முன் மார்க்கர். படலத்தின் மேல் அதன் போக்கும் (அது நீளும் திசை) சாய்வும் குறியுங்கள், கனிமங்கள் நீண்ட திசைக்கு ஓர் அம்புக்குறி, மேல்பக்கம் எது என்று ஓர் எழுத்து. சீவல் வெட்டுகிறவரிடம் படலத்துக்குச் செங்குத்தாகவும் அம்புக்குறிக்கு இணையாகவும் வெட்டச் சொல்லுங்கள். வேறு திசையில் வெட்டினால் வால்கள் கண்ணில் படாமலே போகலாம்.