கசகசா அளவில் ஓர் உண்ணி

"உண்ணி எனக்குத் தெரியாதா டாக்டர்? மாட்டுக்குப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டு வளர்ந்தவ நான்." ஒரு ஜூன் மாதம் என் கிளினிக்குக்கு வந்த அம்மா சொன்னது இது. மகள் வீட்டில் ஆறு மாதம் தங்க ஊரிலிருந்து அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்கு வந்தவர், கொல்லைப்பக்கம் கத்தரியும் அவரையும் போட்டிருந்தார். நான்கு நாளாகக் காய்ச்சல், உடம்புவலி. முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடிப்பு. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. அதனால் அவர் கவனிக்கவே இல்லை.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பிய உண்ணி. இங்குள்ள மான் உண்ணியின் இளம் பருவம் ஒரு கசகசா மணி அளவுதான். மே முதல் ஜூலை வரை சருகிலும் புல்லிலும் காத்திருக்கும். வளர்ந்த உண்ணி கண்ணில் பட்டுவிடும், பிடுங்கிவிடுவோம். பலருக்கு லைம் என்ற நோயைக் கொடுப்பது இந்தக் கசகசாதான்.

"எங்க தெருவுக்கு மானே வராதே" என்பார்கள். லைம் கிருமி உண்ணிக்குள் போவது மானிடமிருந்து அல்ல, பெரும்பாலும் வெள்ளைக்கால் எலியிடமிருந்து. வளர்ந்த உண்ணிகளுக்கு மான் விருந்துச் சாப்பாடு, கல்யாண மண்டபமும் அதுவே. லைம் என்பதும் எலுமிச்சை இல்லை, இதே மாநிலத்தில் உள்ள ஊர். 1975 வாக்கில் அங்கே குழந்தைகளுக்கு வரிசையாக முட்டி வீங்குவதைக் கவனித்து விடாமல் கேள்வி கேட்டவர்கள் அவர்களின் தாய்மார்கள். சுருள்வடிவக் கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் கண்டறிந்தது 1982இல் வெளியானது.

பாடப்புத்தகத்தில் இந்தத் தடிப்பு வெள்ளைத்தோலில் இளஞ்சிவப்பு வளையமாக இருக்கும். நம் தோலில் அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ, அடிபட்டுக் கன்றியதுபோல் இருக்கும். பல நேரம் வளையமே இருக்காது. நாளுக்கு நாள் அகலமாகிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்றே வரலாம். அந்த அம்மாவுக்குத் தடிப்பைப் பார்த்த அன்றே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கினேன்.

இன்னொருவர் ஆகஸ்டில் குளிர்க்காய்ச்சலோடு வந்தார். சிவப்பணுக்களுக்குள் சின்னச் சின்ன வளையங்கள். இந்தியாவிலிருந்து வந்தவர் என்றதும் எல்லோர் வாயிலும் மலேரியா. அது பபீசியா, அதே மான் உண்ணி கொடுக்கும் ஒட்டுண்ணி. கண்ணாடித் தகட்டில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் மருந்து வேறு. மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. "உண்ணி கடிச்சுதா?" என்று கேட்டேன். "இல்லையே" என்றார். பலரும் அப்படித்தான் சொல்வார்கள். அனாபிளாஸ்மோசிஸ் என்றொரு காய்ச்சலும், அரிதாக மூளையைத் தாக்கும் போவாசான் வைரஸும் இதே உண்ணி வழியாக வரும்.

சரி, உண்ணி ஒட்டியிருந்தால்? மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். லைம் கிருமி உடம்புக்குள் இறங்கப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், தினமும் குளிக்கும்போது தேடுவதே பாதி வைத்தியம். காதுக்குப் பின்னால், அக்குள், தொப்புள், பாவாடை நாடா இறுகும் இடுப்பு, முழங்கால் மடிப்பு. வெகுநேரம் ஒட்டியிருந்தது என்றால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு ஒரே ஒரு வேளை மாத்திரை போதும். தோட்டத்தில் உடுத்தியிருந்த துணியைத் துவைப்பதற்கு முன்பே டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓட்டினால் உண்ணி காய்ந்து சாகும்.

"அவரைப் பந்தலைப் பிரிச்சிடவா?" என்று அந்த அம்மா கேட்டார். வேண்டாம், மரங்களை ஒட்டிய ஓரத்திலிருந்து தள்ளிப் போடுங்கள், நடுவில் மூன்றடிக்கு மரச்சில்லு பரப்புங்கள் என்றேன்.

அப்புறம், ஊர் திரும்பும் பெற்றோர் எல்லோரிடமும் நான் ஒரு கடிதம் கொடுத்தனுப்புகிறேன். சில மாதம் கழித்து மதுரையிலோ சேலத்திலோ முட்டி வீங்கினாலோ, ஒரு பக்க முகம் கோணினாலோ, அங்குள்ள டாக்டருக்கு லைம் ஞாபகம் வர எந்தக் காரணமும் இல்லை. "இவர் கோடையில் கனெக்டிகட்டில் தோட்ட வேலை செய்தார்" என்ற ஒரே வரிதான் அதில் இருக்கும்.