கேசரி பவுடரும் மெரினோ நூலும்

கேசரி கிண்டும்போது கலர் பவுடர் ஈர விரலில் பட்டால் லேசில் போகாது. அதே கரைசல் காட்டன் கைலியில் தெறித்தால் இரண்டு அலசலில் பெரும்பாலும் போய்விடும். தோல் புரதம், பருத்தி செல்லுலோஸ். கம்பளி நூலுக்குச் சமையல் கட்டிலேயே சாயம் ஏற்ற முடிவதும் இதனால்தான். கம்பளியும் புரதம்தான், நம் தலைமுடியில் இருக்கும் அதே கெரட்டின்.

கீழக்கரை வெக்கையில் கம்பளி யாருக்கு என்று கேட்பீர்கள். மெல்பர்னில் இருக்கும் பெரியம்மா மகள் ஊருக்கு வந்தபோது மெரினோ என்ற செம்மறி இனத்தின் சாயம் போடாத கம்பளி நூல் நாலு சிட்டம் கொண்டுவந்தாள், பிள்ளைக்குக் குரோஷாவில் தொப்பி பின்னித் தரச் சொல்லி. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுவும் ஆட்டு முடிதானா? நம்ம ஆடெல்லாம் இப்படி இல்லையே" என்றார்.

இல்லைதான். இங்கே மேயும் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி கறிக்கான இனம். உடம்பில் இருப்பது குட்டை முடி, நம் வெயிலுக்கு அதுதான் தோது. மெரினோவின் தோலிலோ தடித்த முடிக்கான ஒவ்வொரு குழியைச் சுற்றியும் மெல்லிய இழைக்கான குழிகள் இருபது வரைக்கும், அதற்கு மேலும்கூட இருக்கும். அத்தனை நெருக்கத்தில் முளைக்கும் இழை 17 முதல் 24 மைக்ரான்தான் தடிமன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). நம் தலைமுடி சுமார் 70. 30 மைக்ரானைத் தாண்டிய இழை வளைந்து கொடுக்காமல் தோலைக் குத்தும், கம்பளி என்றாலே நமக்கு அரிப்பு நினைவுக்கு வருவது அதனால். பிள்ளைக்கு என்றால் 19 மைக்ரானோ அதற்குக் கீழோ பார்த்து வாங்குங்கள்.

லேபிளில் 'சூப்பர்வாஷ்' என்று இருந்தால், இழையின் மேலுள்ள செதிலைக் குளோரினால் மழுக்கி, மேலே பிசின் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சலவைக்கு வசதி. ஆனால் சாயத்தை மடமடவென்று குடித்துத் திட்டுத்திட்டாக ஆகிவிடும், சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும்.

சரி, சாயம். கடையில் விற்கும் உணவுக் கலரில் உள்ள டார்ட்ரசின், கார்மோசின் போன்றவை வேதியியலில் அமிலச் சாயங்கள். தண்ணீரில் கரைந்ததும் எதிர்மின் சுமை கொண்டவை. கெரட்டினில் உள்ள அமினோ தொகுதிகள், தண்ணீர் புளிப்பாக இருந்தால் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு நேர்மின் சுமை பெறும். அப்புறம் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். வினிகர் ஊற்றுவது இதற்குத்தான். அது சாயத்தை 'கெட்டிப்படுத்தும்' என்பது பாதி உண்மை, அது கம்பளியைத்தான் தயார் செய்கிறது.

நான் கோட்டை விட்டது தண்ணீரில். 100 கிராம் சிட்டத்தை அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று லிட்டர் போர் தண்ணீரில் சிவப்புக் கலர் கரைத்து, இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டுக் காய்ச்சினேன். முக்கால் மணி நேரம் ஆகியும் நூல் வெளிறிய ரோஸ், தண்ணீர் ரத்தச் சிவப்பு. எங்கள் போர் தண்ணீர் காய்ச்சிய குண்டானின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதற்குக் காரணமான, புளிப்பை முறிக்கும் பைகார்பனேட் அந்த வினிகர் மொத்தத்தையும் தின்றுவிட்டது. இன்னும் நாலைந்து ஸ்பூன் விட்டேன். சிறிது நேரம் கழித்துக் கரண்டியில் அள்ளிப் பார்த்தால் தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் வெறும் தண்ணீர், நூல் நல்ல மாதுளைச் சிவப்பு. இப்போதெல்லாம் குடிக்க வரும் காவிரித் தண்ணீரில் இரண்டு குடம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இதில் தண்ணீரில் உள்ள சாதா உப்பு மேல் பழி போடக் கூடாது. உப்பிலுள்ள குளோரைடும் எதிர்மின் அயனிதான். சாயத்தோடு போட்டி போட்டு அதன் வேகத்தைக் குறைக்கும், அதனால் நிறம் சீராகப் பரவும். சாயப் பட்டறைகளில் இதே வேலைக்குச் சோடியம் சல்பேட் சேர்ப்பதுண்டு. கடுப்பேற்றுவது பச்சைக் கலர்தான். அது மஞ்சளும் நீலமும் கலந்தது, இரண்டும் ஒரே வேகத்தில் ஏறாததால் இங்கே மஞ்சள், அங்கே நீலம் என்று பிரிந்துவிடும். எனக்கென்னவோ அதுவும் அழகாகத்தான் இருந்தது.

அடுப்பை அணைத்ததும் நூலை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள், பாத்திரத்திலேயே ஆறட்டும். மீனை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் கை தடுக்கும் அல்லவா? கம்பளி இழையின் செதிலும் ஒரே திசை பார்த்தவை. ஈரம், சூடு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒரு பக்கமாகவே நகர்ந்து, திரும்ப முடியாமல் பின்னிக்கொண்டு, துணி சுருங்கிக் கெட்டியாகும். துவைக்க ஷாம்பு போதும். சலவை சோப்பின் காரம் சாயத்தைக் கழற்றும். புரதக் கறையைத் தின்னும் என்சைம் போட்ட பவுடர் கம்பளியையும் தின்னும். பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் பரப்பிக் காயவையுங்கள். உணவுக் கலர் வெயிலில் வெளுக்கும்.

கடலோர ஈரக் காற்றில் நூல் காய நேரம் பிடிக்கும். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. காய்ந்துவிட்டது என்று நம்பிப் பெட்டியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். அந்துப்பூச்சியின் புழு வேறு, கெரட்டினைச் செரிக்கத் தெரிந்த வெகுசில உயிர்களில் ஒன்று. நூலைக் காற்றுப் புகாத கவரில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். எங்கள் ஃப்ரீசரில் எப்போதும் நகரை மீன் கிடக்கும், அதனால் நான் கவர் இரண்டு போடுகிறேன்.