மனு ரசீதில் இருப்பது எந்த எண்? குற்றப் புள்ளிவிவரம் உருவாகும் முறை

நாட்டில் ஓராண்டில் எத்தனை கொலைகள் நடந்தன, எந்த மாநகரத்தில் திருட்டு கூடியது என்றெல்லாம் செய்திகளில் வரும் எண்களுக்கு மூலம் 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற ஆண்டறிக்கை. 1953 முதல் வெளிவரும் இந்த அறிக்கையை, 1986இல் தொடங்கப்பட்டு ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்கும் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தொகுக்கிறது. காப்பகத்தின் அலுவலர்கள் ஊர் ஊராகச் சென்று குற்றங்களை எண்ணுவதில்லை. ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கையிலிருந்துதான் பிறக்கிறது.

காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்குகளின் விவரங்களை மாவட்ட குற்ற ஆவணக் காப்பகம் திரட்டுகிறது; அதை மாநில குற்ற ஆவணக் காப்பகம் சரிபார்த்து டெல்லிக்கு அனுப்புகிறது. காவல் நிலையங்களைக் கணினி வழியே இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு 2009இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. ஆயினும் காவல்துறை அரசமைப்புச் சட்டத்தின் 7ஆம் அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் உள்ள துறை என்பதால், மாநிலங்கள் உரிய காலத்தில் விவரம் அனுப்பினால்தான் அறிக்கை முழுமை பெறும். 2019ஆம் ஆண்டு அறிக்கைக்கு மேற்கு வங்கத்தின் விவரங்கள் உரிய காலத்தில் வந்து சேராததால், அந்த மாநிலத்துக்கு மட்டும் 2018ஆம் ஆண்டின் எண்களே பயன்படுத்தப்பட்டன. அந்த ஆண்டின் தேசிய மொத்தத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தக் குறிப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எண்ணும் முறையில் முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றப் பிரிவுகள் இருந்தாலும், அவற்றுள் மிகக் கடுமையான தண்டனைக்குரிய முதன்மைக் குற்றம் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். வீட்டுக்குள் புகுந்தவர்கள் முதியவர் ஒருவரைக் கொன்றுவிட்டு நகைகளை எடுத்துச் சென்றால், அது கொலை வழக்காக எண்ணப்படுமே தவிர, அத்துமீறி வீடு புகுந்ததும் நகை பறிபோனதும் தனித்தனியே எண்ணப்படுவதில்லை. ஒரு நிகழ்வு பல முறை எண்ணப்படுவதைத் தவிர்க்க இந்த விதி உதவுகிறது என்பது உண்மையே. ஆனால் சிறிய தண்டனைக்குரிய குற்றங்கள் பெரிய குற்றத்தின் நிழலில் மறைந்துவிடுவதால், அவற்றின் எண்ணிக்கை எப்போதும் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும். மேலும், வழக்குகளின் எண்ணிக்கையும் பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கையும் ஒன்றல்ல; இருவர் கொல்லப்பட்ட நிகழ்வு ஒரே வழக்காக இருக்கலாம் என்பதால்தான் பல அட்டவணைகளில் இரண்டும் தனித்தனி நிரல்களில் தரப்படுகின்றன.

குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு எத்தனை வழக்குகள் என்ற கணக்கு. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் அது ஒரு லட்சம் பெண்களுக்கு என மாறும். 2022இல் நாடு முழுவதும் 58,24,946 வழக்குகளும் 2023இல் 62,41,569 வழக்குகளும் பதிவாகின, விகிதம் 422.2இலிருந்து 448.3ஆக உயர்ந்தது. ஆனால் அதே காலத்தில் கொலை வழக்குகள் 28,522இலிருந்து 27,721ஆகக் குறைந்தன. மற்ற குற்றங்களைவிடக் கொலையைப் பதிவு செய்யாமல் விடுவது கடினம் என்பதால், ஒரு மாநிலத்தை இன்னொன்றோடு ஒப்பிட விரும்புவோருக்குக் கொலை எண்ணிக்கையே ஓரளவு நம்பத்தக்க அளவுகோல் என்பது என் கருத்து. திருட்டு, மோசடி, குடும்ப வன்முறை போன்றவற்றில் எண் உயர்வது, குற்றம் பெருகியதால் மட்டுமன்றி, புகார்கள் மறுக்கப்படாமல் பதிவானதாலும் இருக்கலாம். குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வெவ்வேறு என்று அறிக்கையே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல், கூடுதலாக வழக்குப் பதிவு செய்யும் மாநிலத்தைக் 'குற்றத்தில் முதலிடம்' என்று தலைப்பிடுவது, புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பும் நிலையங்களுக்குப் பரிசளிப்பதாகவே முடியும்.

புகார் கொடுக்கச் செல்பவர் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. தமிழ்நாட்டில் புகார் மனு கொடுத்தவுடன் பெரும்பாலும் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது சமுதாயப் பணிப் பதிவேட்டில் மனு ஏறியதற்கான சான்று. அது முதல் தகவல் அறிக்கை அன்று. வழக்குப் பதிவாகியிருந்தால் 'குற்ற எண்' என்று ஓர் எண்ணும் அதன் அருகே ஆண்டும் தரப்பட்டிருக்கும். சி.எஸ்.ஆர். எண் மட்டும் இருந்தால் அந்த மனு இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது. மேற்சொன்ன தேசியக் கணக்கில் அது ஏறாது.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்றும், அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும் கூறுகிறது. மின்னணு வழியில் தகவல் அனுப்பினால், அனுப்பியவர் மூன்று நாட்களுக்குள் அதில் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும், காவல் துணைக் கண்காணிப்பாளரின் முன்அனுமதியுடன், 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த அந்தப் பிரிவு இடமளிக்கிறது.

நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால், அதே பிரிவின்படி புகாரின் சாரத்தை எழுத்து வடிவில் அஞ்சல் மூலம் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அங்கும் நடவடிக்கை இல்லையெனில் குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம். அதற்காகவே, அனுப்பிய மனுவின் நகலையும் அஞ்சல் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். பதிவான அறிக்கை, பாலியல் குற்றங்கள் போன்ற உணர்வுநுட்பமான வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம்.