அட்வான்ஸ் ரூலிங்: சுங்கத்தில் ‘முன்தீர்ப்பு’

‘அட்வான்ஸ்’ என்றால் நம் காதில் முதலில் விழுவது முன்பணம். சுங்கத் துறையின் ‘அட்வான்ஸ் ரூலிங்’ அதுவல்ல. சரக்கு வந்து சேருமுன்பே அது வரிப் பட்டியலில் எந்தத் தலைப்பின்கீழ் வகைப்படும், எந்த நாட்டின் பொருளாகக் கொள்ளப்படும் என்று விண்ணப்பதாரருக்குச் சுங்கத் துறை எழுத்தில் தரும் முடிவு இது. நாளை சரக்கு இறங்கும்போது எந்த அதிகாரி பணியில் இருந்தாலும் அந்த முடிவின்படியே நடந்தாக வேண்டும்.

‘ரூலிங்’ வந்தது ‘ரூல்’ என்பதிலிருந்து. அதன் மூலம் லத்தீனின் ‘ரெகுலா’: நேராகக் கோடு இழுக்கும் கோல். பள்ளிக்கூடத்து ரூல்தடியும் இதே குடும்பம்தான். ‘சுங்கம்’ என்பதற்கும் தனிக் கதை உண்டு. அது பாலியின் ‘சுங்க’, வடமொழியின் ‘சுல்க’ ஆகியவற்றோடு உறவுடையது. 756ஆம் குறள் இந்த வருவாயை ‘உல்கு பொருள்’ என்கிறது.

சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் பன்னாட்டு ஏற்பாடான, 1999இல் திருத்தப்பட்ட கியோட்டோ உடன்படிக்கை இதையே ‘பைண்டிங் ரூலிங்’, அதாவது கட்டுப்படுத்தும் தீர்ப்பு, என்று குறித்தது. 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்க ஒப்பந்தம், 3ஆம் பிரிவில் ‘அட்வான்ஸ் ரூலிங்’ என்றது. ஒரு பெயர் வலிமையைச் சொல்கிறது, மற்றது நேரத்தை. வணிகருக்கு வேண்டியது முதலாவதுதான். முன்கூட்டிக் கிடைத்தும் கட்டுப்படுத்தாத பதில் வெறும் ஆலோசனை.

ஆகவே தமிழ்ச் சொல்லிலும் அந்த வலிமை தெரிய வேண்டும். ‘முன்முடிவு’ என்றால் ஆராயாமலே கொண்ட எண்ணம் என்றாகிவிடும். ‘முன்னறிவிப்பு’ யாரையும் கட்டாது. ‘முன்தீர்வு’ பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் சுங்கத்தில் ‘தீர்வை’ என்றாலே வரி. ஓர் எழுத்து மாறினால் முன்னதாகக் கட்டிய வரி என்று படித்துவிடுவார்கள். ‘தீர்ப்பு’ நீதிமன்ற வாடை உடையது, இங்கே வழக்கும் இல்லை, எதிர்த்தரப்பும் இல்லை. ஆனாலும் ‘தீர்த்துச் சொல்வது’ என்ற வேர்ப்பொருளும் கட்டுப்படுத்தும் தன்மையும் அதில்தான் சேர்ந்திருக்கின்றன. அதனால் ‘முன்தீர்ப்பு’ என்பதே பொருத்தம்.

முன்தீர்ப்பின் பயன் ஓர் எடுத்துக்காட்டில் புரியும். ஆண்களுக்கான சட்டை. சரக்குகளை எண்ணிட்டு வகைப்படுத்தும் பன்னாட்டுப் பட்டியலான எச்.எஸ்.-இல், துணி பின்னல் துணியானால் 61ஆம் அத்தியாயம், நெய்த துணியானால் 62. பின்னல் துணி, அதில் எடைப்படி 55 விழுக்காடு பருத்தி, 45 பாலியெஸ்டர் என்றால் குறியீடு 6105.10. ஆலை அந்த விகிதத்தைத் தலைகீழாக்கினால் 6105.20. பார்வைக்குச் சட்டை அதேதான், வரி விகிதம் மாறக்கூடும். விலை பேசி முடித்த பிறகு துறைமுகத்தில் இது தெரியவந்தால் வித்தியாசம் வணிகரின் தலையில். முன்தீர்ப்பு கையில் இருந்தால் வரியையும் சேர்த்து விலை சொல்லலாம்.

விண்ணப்பத்தில் வணிகப் பெயர் மட்டும் எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மூலப்பொருள்கள் எடை விழுக்காட்டில், செய்முறை, பயன்பாடு, படம், ஆய்வறிக்கை, கேட்டால் மாதிரி, இவ்வளவும் வேண்டும். எந்தக் குறியீடு சரியென்று கருதுகிறோம், ஏன் என்பதையும் எழுதுவது நல்லது. உற்பத்தி நாடு பற்றிய கேள்வியானால் ஒவ்வொரு உள்ளீடும் எங்கிருந்து வருகிறது, எங்கே என்ன வேலை நடக்கிறது என்ற கணக்கும் சேர வேண்டும். சரக்கின் மதிப்பைக் கணக்கிடும் முறை, வரிவிலக்கு பற்றியும் முன்தீர்ப்பு தருமாறு வர்த்தக எளிதாக்க ஒப்பந்தம் ஊக்குவிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. அதே கேள்வி ஏற்கெனவே நீதிமன்றத்திலோ மேல்முறையீட்டிலோ இருந்தால் துறை மறுக்கலாம், காரணத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

காலக்கெடுவும் செல்லுபடிக் காலமும் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வகைப்பாட்டு முடிவுக்குப் பொதுவாக 120 நாள், செல்லுபடி 3 ஆண்டு. அந்தக் காலம் முடியுமுன்பே தீர்ப்பு செத்துப்போகலாம். சட்டமோ உண்மை நிலையோ மாறினால் போதும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் எச்.எஸ். பதிப்பு மாற்றம் (2017, 2022) அப்படிப்பட்ட ஒன்று. துறை தானாகவே திருத்தினாலும் காரணத்தோடு எழுத்தில் அறிவிக்க வேண்டும், பழைய இறக்குமதிகளுக்குப் பின்தேதியிட்டு அதைப் பொருத்த முடியாது. விண்ணப்பத்தில் தந்த தகவல் அரைகுறையாகவோ பொய்யாகவோ இருந்தால் மட்டும் பின்தேதியிடலாம். சட்டை விகிதத்தைத் தோராயமாக எழுதியவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

வெளிப்படைத்தன்மை என்பது இதன் மறுபக்கம். எப்படி விண்ணப்பிப்பது, எத்தனை நாளில் பதில், எவ்வளவு காலம் செல்லும் என்ற மூன்றையும் துறை வெளியிட்டே ஆக வேண்டும். மற்ற வணிகர்களுக்கும் பயன்படக்கூடிய தீர்ப்புகளை, வணிக இரகசியங்களைக் காத்து, பொதுவில் வைக்க முயல வேண்டும். அவற்றைப் படித்தால் துறை எப்படி யோசிக்கிறது என்று தெரியும். ஆனால் பக்கத்து நிறுவனத்தின் தீர்ப்பு பக்கத்து நிறுவனத்துக்கே. நம் சரக்குக்கு அதைக் காட்டி வாதாடலாம், உரிமையாகக் கேட்க முடியாது. நம்முடைய தீர்ப்பே ஆனாலும் அதன் எண்ணை இறக்குமதி அறிவிப்பில் குறிக்காமல் விட்டால், சரக்கைச் சோதிக்கும் அதிகாரிக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.