பீஸு ஷிஷூ: மணியும் தையலும்

ஃபெல்ட் துணியில் ஒரு பூனை முகத்தை வரைகிறார்கள். கடுகளவு கண்ணாடி மணிகளை அதன்மேல் நெருக்கமாகத் தைத்து நிரப்புகிறார்கள். ஓரத்தை வெட்டி, பின்பக்கம் தோல் ஒட்டி, ஊசி வைத்தால் சட்டையில் குத்திக்கொள்ளும் புரோச் ஆகிவிடுகிறது. காதணி, முடிக்கிளிப், சின்னப் பணப்பை என்று அன்றாடம் புழங்கும் பொருள்களையெல்லாம் ஜப்பானில் இப்படி அலங்கரிக்கிறார்கள். இந்தக் கைவேலைக்கு அங்கே பெயர் ‘பீஸு ஷிஷூ’. பாதி ஆங்கிலம், பாதி சீனம் வழி வந்த சொல்.

‘பீஸு’ என்பது ஆங்கிலத்தின் ‘பீட்ஸ்’தான். பன்மை என்றெல்லாம் பார்க்காமல், ஒற்றை மணியையும் ஜப்பானியர் பீஸு என்றே சொல்வார்கள். ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ‘கெபெட்’ என்றால் பிரார்த்தனை. செபமாலையை உருட்டி வேண்டுதல்களை எண்ணிக்கொண்டே போனதில், வேண்டுதலின் பெயர் விரலில் உருண்ட மணிக்கு ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் ஜெபமணி என்று பெயர் வைப்பவர்கள், தெரியாமலேயே அந்தச் சொல்லின் பழைய பொருளையும் புதிய பொருளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

ஜப்பானியருக்கு மணி புதிதல்ல. ‘தமா’ என்பது அவர்களுடைய சொந்தச் சொல். மணி, உருண்டை, ரத்தினம் எல்லாம் அதற்குள் அடங்கும். பௌத்தர்களின் 108 மணி மாலைக்கு ‘ஜுஸு’ என்று பெயர். அதை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவது எண், இரண்டாவது மணி. வண்ணப் புள்ளியிட்ட கண்ணாடி மணி ‘தொம்போதமா’, அதாவது தும்பிமணி. தும்பியின் கண்போல இருப்பதால் அந்தப் பெயர். ஜப்பானின் யயோய் எனப்படும் பழங்காலத்துக் கல்லறைகளில் இந்தோ-பசிபிக் மணிகள் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் சிறு கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. கண்ணாடியைக் குழலாக இழுத்துத் துண்டு போட்டுச் செய்தவை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேடு அந்த வகை மணிகளுக்குப் பேர்போன பழைய பட்டறை.

‘ஷிஷூ’வில் முதல் எழுத்துக்குக் குத்துதல் என்று பொருள், இரண்டாவது எழுத்தே பூத்தையலைக் குறிப்பது. இந்தக் கலை அங்கே மிகப் பழையது. 622இல் இளவரசர் ஷோதோக்கு இறந்தபோது அவர் நினைவாகத் தைத்த திரையின் துண்டுகள் நாரா பகுதியிலுள்ள சூகூஜி மடத்தைச் சேர்ந்தவையாக இன்றும் இருக்கின்றன. அது பட்டுநூல் வேலை. கண்ணாடி மணியைத் துணியில் தைத்துப் படம் வரையும் இன்றைய பாணியில் ஐரோப்பாவின் வாடை தூக்கல்.

அந்த ஐரோப்பிய வழியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் இந்தியா வருகிறது. பிரான்சின் லூனேவில் ஊர்ப் பெயரால் அறியப்படும் கொக்கி ஊசி முறையைப் பாரீஸ் ஆடையகங்கள் புகழாக்கின. ஜப்பானிலும் அதைக் கற்கிறார்கள். கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் அந்த வித்தை, 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. அதே குடும்பத்து ஊசியைத்தான் நம் ஊர்க் கல்யாண ரவிக்கைகளில் ‘ஆரி ஒர்க்’ என்று பார்க்கிறோம். லூனேவில் முறையில் மணிகளை முன்னதாகவே நூலில் கோத்துக்கொண்டு, துணியின் பின்பக்கத்திலிருந்து தைப்பார்கள். தைப்பவர் கண்ணுக்கு மணி தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

சிறுபொருள்களுக்குச் சாதாரண ஊசியே போதும். இரண்டு மூன்று மணிகளைக் கோத்துத் துணியில் கிடத்தி, ஊசியைப் பின்னால் கொண்டுவந்து கடைசி மணிக்குள் மறுபடி நுழைக்க வேண்டும். நம் கெட்டித்தையலேதான். வரிசை கோணாமல் இருப்பது மணியின் கையில் இருக்கிறது. ஒரு மணி பருத்து இன்னொன்று சப்பையாக இருந்தால் பூனைக்கு மாறுகண் விழுந்துவிடும். ஹிரோஷிமா மாகாணத்து மியுகி, தோஹோ நிறுவனங்களின் மணிகளுக்கு உலகமெங்கும் மவுசு இருப்பது அவற்றின் சீரான அளவால்தான். 2 மில்லிமீட்டர் மணியை ‘உருண்டை-சிறிது’ என்றும், 3 மில்லிமீட்டர் மணியை ‘உருண்டை-பெரிது’ என்றும் ஜப்பானியத்தில் இரண்டே எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். நீளமான குழாய் மணிக்கு ‘தகே பீஸு’, மூங்கில் மணி. நம் கடைகளில் பொடிமணி ‘சுகர் பீட்ஸ்’, குழாய் மணி ‘பைப் பீட்ஸ்’. பின்னதைக் குழல்மணி என்றால் யாருக்கும் புரியாமல் போகாது.

சரி, பீஸு ஷிஷூவுக்குத் தமிழில் என்ன? ‘மணிவேலை’ என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் மாலை கோப்பதும் அதில் வந்துவிடும். தமிழில் இந்தப் பிரிவுக்கு வினைகளே இருக்கின்றன: நூலில் கோப்பது, துணியே இல்லாமல் மணிகளைப் பின்னுவது, துணிமேல் தைப்பது. நமக்கு வேண்டியது மூன்றாவது. மணி இழைத்தல், மணி பதித்தல், மணி குயிற்றுதல் என்ற பழைய தொடர்கள் அழகானவைதான், ஆனால் அவை பொன்னில் கல் வைப்பதையே நினைவூட்டுகின்றன. ஊசியும் நூலும் அவற்றில் இல்லை. சிலப்பதிகாரத்தில் தையற்காரர் ‘துன்னகாரர்’. அதை வைத்து ‘மணித்துன்னம்’ என்று ஆக்கலாம். தையல் கடையில் போய்ச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். ‘பாசித்தையல்’ என்றால் குளத்துப்பாசி முந்திக்கொண்டு கண்முன் வரும்.

என் தேர்வு ‘மணித்தையல்’. எம்பிராய்டரிக்குப் பூத்தையல் என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் அதன் தங்கைபோல இது இயல்பாக அமைகிறது. மணி என்றால் நேரமும்தானே என்று யாராவது கேட்டால், மணிக்கணக்கில் உட்கார வேண்டிய வேலைக்கு அதுவும் பொருத்தம்தான் என்று சொல்லிவிடலாம்.

அலங்கரிக்கப்படும் பொருள்களுக்கு ஜப்பானியர் சொல்வது ‘கோமோனோ’: சிறுபொருள். ‘அக்ஸஸரீஸ்’ என்பதை அணிகலன் என்று பெயர்த்தால் பணப்பை வெளியே நின்றுவிடுகிறது. சிறுபொருள் என்றால் உள்ளே வந்துவிடும். அந்தப் பணப்பையின் பெயர் ‘கமாகுச்சி’. ‘கமா’ தேரை, ‘குச்சி’ வாய். உலோகச் சட்டத்தில் இரண்டு குமிழ்கள் டக்கென்று கவ்வி மூடும் பை. திறந்தால் அகன்ற வாய். துணியில் மணித்தையலை முடித்த பிறகே சட்டத்தின் பள்ளத்தில் பசை தடவி, துணி ஓரத்தை நுழைத்து, காகித நூலைத் திணித்து இறுக்குகிறார்கள். தவளைக்கு ஜப்பானியத்தில் ‘கயேரு’. திரும்பி வருதலுக்கும் அதே ஒலி. செலவான காசு திரும்பட்டும் என்று பணப்பைக்குள் தவளைப் பொம்மை வைப்பவர்களும் உண்டு. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கமாகுச்சி ‘தேரைவாய்ப் பை’ ஆகும். ஆனால் தேரை மோந்த தேங்காயில் பருப்பு இருக்காது என்று நம்பும் ஊரில் பணப்பைக்கு அந்தப் பெயரை வைத்தால் யார் வாங்குவார்கள்? தவளைவாய்ப் பை என்றே இருக்கட்டும்.